சர்வே புள்ளிகள் சேர்ந்துவிட்டன, பணம் எடுக்க முடியவில்லை. உதவுங்கள்

சுங்கை சிப்புட் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். பேராக், சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறேன். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கைப்பேசியில் சர்வே செய்வேன், அதாவது கேள்விகளுக்குப் பதில் சொன்னால் பணமாக மாற்றக்கூடிய புள்ளிகள் தரும் ஒரு தளத்தில். மாதக் கைப்பேசி ரீலோடுக்கும் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்துக்கும் இதில் வந்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன்.

20 ரிங்கிட்டுக்கான புள்ளிகள் சேர்ந்ததும் மின்பணப்பைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். சில நாள் 'பரிசீலனையில்' என்று காட்டியது. அப்புறம் 'பெயர் பொருந்தவில்லை' என்று நிராகரித்துவிட்டார்கள். மறுபடி கேட்டதும் கணக்கையே முடக்கிவிட்டார்கள். புள்ளிகள் திரையில் தெரிகின்றன, எடுக்க வழி இல்லை.

இன்னொரு பிரச்சினையும் உண்டு. பாதி சர்வே முடித்த பிறகு 'இந்த ஆய்வுக்கு நீங்கள் தகுதி பெறவில்லை' என்று வெளியே தள்ளுகிறார்கள். பத்து நிமிடம் பதில் சொன்னதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இது ஏன்?

வீட்டில் வைஃபை கிடையாது. என் ஹாட்ஸ்பாட்டில்தான் நாத்தனாரும் அதே தளத்தில் சர்வே செய்கிறார், அவருக்குத் தனிக் கணக்கு.

இதற்கிடையில் டெலிகிராமில் ஒருவர், தான் அந்தத் தளத்தின் ஆள் என்றும், 50 ரிங்கிட் கட்டினால் கணக்கைத் திறந்து தருவதாகவும் சொல்கிறார். இன்று இரவுக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். கட்டலாமா?

பாகான் செராய் தம்பி:

அக்கா, கட்டவே கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்த ஆளைத் தடை செய்யுங்கள்.

தைப்பிங் டீச்சர்:

தம்பி சொன்னது சரி. அம்மா, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வே தளம் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும். உங்கள் பணத்தை விடுவிக்க உங்களிடமே பணம் கேட்டால், அதற்குக் கட்டணம், வரி, வைப்புத் தொகை என்று என்ன பெயர் வைத்தாலும் அது மோசடி. 'இன்று இரவுக்குள்' என்று அவசரப்படுத்துவது நீங்கள் யாரிடமும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

டெலிகிராமில் வரும் 'டாஸ்க்' வேலையும் இப்படித்தான் நடக்கிறது. முதலில் ஏதாவது காணொளிக்கு லைக் போடச் சொல்லி ஐந்து ரிங்கிட், பத்து ரிங்கிட் உண்மையாகவே அனுப்புவார்கள். நம்பிக்கை வந்ததும் 'பெரிய டாஸ்க்குக்கு 100 ரிங்கிட் கட்டுங்கள், 130 ஆகத் திரும்பும்' என்பார்கள். போன பணத்தை மீட்க அடுத்த தொகை, அதை மீட்க அதற்கும் மேலே. தோட்டத்துப் பெண்கள் நகைக் கடனை அடைக்க வைத்திருந்த பணத்தை இப்படிக் கொடுத்துவிட்டு வீட்டில் சொல்ல முடியாமல் தவிப்பதைப் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்த ஆள் வங்கிக் கணக்கு எண் கொடுத்திருந்தால் போலீசாரின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பாருங்கள். அந்த எண் மேல் புகார் இருந்தால் காட்டும். ஆனால் புகார் இல்லை என்றால் நல்ல ஆள் என்று அர்த்தமில்லை, புதிதாகத் திறந்த கணக்காக இருக்கலாம். ஒருவேளை யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டால் உடனே 997-க்கு அழைக்க வேண்டும். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண், 2022 அக்டோபரில் தொடங்கினார்கள். தாமதமானால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடும், பிறகு பிடிப்பது கஷ்டம்.

டாக் எண் (பணம் அனுப்ப வங்கி கைப்பேசிக்கு அனுப்பும் ரகசிய எண்), வங்கிக் கடவுச்சொல், ஏடிஎம் அட்டை இவற்றை எந்த சர்வேயும் கேட்காது. 'உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடுங்கள்' என்று கேட்டால் இன்னும் ஆபத்து. அதுதான் 'அக்காவுன் கெல்டாய்', மோசடிப் பணத்தைக் கடத்தப் பயன்படுத்தும் அடுத்தவர் கணக்கு. பணம் எடுத்தவன் எங்கோ இருப்பான், போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

ஈப்போக்காரன்:

பெயர் விஷயத்தைப் பார்ப்போம். கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறேன். மின்பணப்பை, இணையக் கணக்கு என்று நம் ஆட்கள் கொண்டுவரும் சிக்கலில் இது அடிக்கடி வருகிறது.

மின்பணப்பையில் அடையாளச் சரிபார்ப்பு செய்தபோது உங்கள் பெயர் ஐசியில் (அடையாள அட்டையில்) இருந்து நேராகப் போயிருக்கும். அதாவது உங்கள் பெயர், நடுவில் 'மகள்' என்பதைக் குறிக்கும் ஏ/பி, பிறகு அப்பா பெயர். சர்வே தளத்திலோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டிகள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அங்கே ஆளுக்கொரு மாதிரி நிரப்புவார்கள். சிலர் முதலெழுத்து மட்டும் போடுவார்கள், சிலர் தன் பெயரையே இரண்டு தடவை எழுதுவார்கள். கல்யாணமான பெண்கள் பெரும்பாலும் கணவர் பெயரைப் போடுகிறார்கள். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகும் நம் ஐசியில் அப்பா பெயர்தானே இருக்கிறது. தளத்தில் ஒரு பெயர், பணப்பையில் வேறு பெயர் என்றால், அவர்கள் கணினிக்கு அது வேறொருவருக்குப் பணம் போவதாகத்தான் தெரியும்.

பணப்பைச் செயலியில் உங்கள் விவரப் பக்கத்தைத் திறந்து, பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சர்வே தளத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட வேண்டும். சில படிவங்கள் சாய்கோட்டை ஏற்காது, 'தவறான எழுத்து' என்று திருப்பிவிடும். அப்போது கோடு இல்லாமல் ஏபி என்று சேர்த்து எழுதுவதா, அதை விட்டுவிடுவதா என்று அவர்களையே கேளுங்கள். தளத்துக்குத் தளம் இது மாறும்.

புதுக் கணக்கு மட்டும் திறக்காதீர்கள். ஒருவருக்கு இரண்டு கணக்கு என்று தெரிந்தால் இரண்டையும் நிரந்தரமாக மூடிவிடுவார்கள், விதிமுறையிலேயே அப்படித்தான் இருக்கும். நாத்தனாரின் பணப்பைக்கு அனுப்பச் சொல்வதும் வேண்டாம், சந்தேகம் இன்னும் கூடும்.

உதவிப் பிரிவுக்கு எழுதும்போது கோபத்தைக் காட்டாமல் சுருக்கமாக எழுதுங்கள். பதிவு செய்த மின்னஞ்சல், பணம் கேட்ட தேதி, பரிவர்த்தனை எண், நிராகரித்த செய்தியின் படம். மலேசிய இந்தியர்களின் ஐசியில் தந்தை பெயர் இப்படி வரும், குடும்பப் பெயர் வழக்கம் இல்லை என்று ஒரு வரி. மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம்.

சுங்கை சிப்புட் மகள்:

நன்றி டீச்சர், நன்றி அண்ணா. அந்த ஆளைத் தடை செய்துவிட்டேன். கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன், அதன் மேல் ஏற்கெனவே புகார் இருக்கிறது.

குடும்பப் பெயர் இடத்தில் கணவர் பெயர்தான் இருக்கிறது. இங்கே எல்லாரும் அப்படித்தான் நிரப்புகிறோம். உதவிப் பிரிவுக்கு எழுதிவிட்டேன்.

முன்னாள் களப்பணியாளர்:

கோலாலம்பூரில் சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பும் வேலை செய்தவன் நான். இப்போது அதே வேலை கைப்பேசிக்கு வந்திருக்கிறது, உள்ளே நடப்பது பெரிதாக மாறவில்லை.

பாதியில் வெளியேற்றுவதற்கு முக்கியக் காரணம் ஒதுக்கீடு. குழந்தைப் பால்மாவு விற்கும் நிறுவனம் 1,000 பேரின் கருத்தைக் கேட்கிறது என்று வையுங்கள். வயது, வருமானம், வட்டாரம், இனம் என்று ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் வேண்டும் என்று முன்பே பிரித்திருப்பார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு. அந்தக் கணக்குக்குப் பிரித்தால் 1,000 பேரில் நமக்கு 67 இடம். கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் இருப்பவர்களே காலையில் அதை நிரப்பிவிடுவார்கள். மத்தியானம் நீங்கள் திறக்கும்போது இடம் இருக்காது. அதனால் சர்வேக்கான அழைப்பு வந்ததும் செய்யுங்கள். நேற்று வந்த அழைப்பை இன்று திறப்பதில் பெரிய பலன் இல்லை.

ஆரம்பக் கேள்விகளிலேயே தகுதி இல்லை என்று சொன்னால் அது நியாயம். பத்து நிமிடம் வேலை வாங்கிக்கொண்டு, எல்லா விவரமும் எடுத்த பிறகு அனுப்புவது நியாயமே இல்லை. அடிக்கடி அப்படிச் செய்யும் தளத்தை விட்டுவிடுங்கள். வெளியேற்றினாலும் சில புள்ளிகள் தரும் தளங்கள் இருக்கின்றன.

ஹாட்ஸ்பாட் விஷயம். உங்கள் இணைப்பில் நாத்தனாரும் வந்தால் வெளியே இரண்டு பேருக்கும் ஒரே இணைய முகவரி (ஐபி) தெரியும். அது போதாதென்று, கைப்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதும் உண்டு. ஆகவே முகவரி ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து முடக்குவது குறைவு. அதோடு பெயர் பொருந்தாமை சேர்ந்தால் 'ஒரே ஆள் இரண்டு கணக்கு' என்று முடிவு கட்டிவிடுவார்கள். நாத்தனார் தன் கைப்பேசியில், தன் டேட்டாவில் செய்யட்டும். பல தளங்கள் ஒரு வீட்டுக்கு ஒரு கணக்குதான் அனுமதிக்கும், அதையும் விதிமுறையில் பாருங்கள். பிள்ளைகள் விளையாட்டுக்காக விபிஎன் போட்டு வைத்திருந்தால் அதை அணைத்துவிட்டுத்தான் சர்வே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பேராக்கில் இருக்கும் நீங்கள் வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. நான் பார்த்த மட்டில் இந்த சர்வேக்கள் தமிழில் வந்ததில்லை. உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பைப் போட்டுத் தமிழில் படித்துப் பதில் சொல்கிறார்கள். நடுவில் 'கவனிக்கிறீர்களா என்று பார்க்க, இந்த வரிசையில் ஏற்கவில்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள்' என்று ஒரு சோதனைக் கேள்வி வரும். மொழிபெயர்ப்பில் அது குழம்பிவிட்டால் பதில் தவறாகும், கேள்வியைப் படிக்காதவர் என்று தள்ளிவிடுவார்கள். மலாய் நன்றாகத் தெரிந்தால் மலாயிலேயே செய்யுங்கள்.

கார் இருக்கிறது, மேலாளர் வேலை என்று பொய் சொன்னால் நிறைய சர்வே கிடைக்கும் என்று சொல்வார்கள். சொல்லாதீர்கள். அடுத்த முறை அதே கேள்விக்கு வேறு பதில் வந்தால் பிடிபடும். அதைவிட, தோட்டப்புறக் குடும்பம் என்ன வாங்குகிறது, எதை வாங்க முடியவில்லை என்று உண்மையாகப் பதிவாவதே அபூர்வம். உங்கள் பதிலுக்கு மதிப்பு இருக்கிறது.

கிள்ளான் கணக்கர்:

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 20 நிமிட சர்வேக்கு 1.50 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், ஒன்றில்கூட வெளியேற்றாமல் இருந்தால், மணிக்கு 4.50. 2025 முதல் நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கணக்கில் 8.72. பாதிதான் வருகிறது. இந்த நேரத்தில் வேறு வேலை தேடலாமே.

தைப்பிங் டீச்சர்:

கணக்கு சரிதான் ஐயா. ஆனால் காலையில் பிள்ளையை அனுப்பி மதியம் அழைத்துவர வேண்டிய தாய்க்கு அந்த 8.72 எங்கே கிடைக்கும்? தொழிற்சாலை வேலை என்றால் ஷிப்ட். பஸ்ஸை நம்பி நேரத்துக்குப் போய்ச் சேர முடியாத இடத்தில் இருந்துகொண்டு எப்படிப் போவார்? வீட்டில் கிடைக்கும் அரை மணி நேரத்துக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கிள்ளான் கணக்கர்:

ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். நான் பயப்படுவது, இரவெல்லாம் விழித்து இதைச் செய்பவர்களை நினைத்து. ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று வரையறுத்துக்கொண்டால் தவறில்லை. தையல், பலகாரம் என்று கைத்தொழில் தெரிந்தவர்கள் அந்த நேரத்தை அதற்கே கொடுப்பது நல்லது.

பாகான் செராய் தம்பி:

ஒரு தகவல் அக்கா. கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. கேள்விகள் குறைவு, சீக்கிரம் முடியும். ஆனால் ஆண்ட்ராய்டில் அது தருவது பிளே ஸ்டோருக்கான வரவுதான், ரொக்கம் இல்லை. ரீலோடு போட உதவாது. பிள்ளைகளுக்குப் படிப்புச் செயலி வாங்குவதென்றால் சரி.

சுங்கை சிப்புட் மகள்:

பதில் வந்துவிட்டது! பெயரை மாற்றித் தருகிறார்களாம், ஆனால் ஐசி படம் கேட்கிறார்கள். அனுப்பலாமா? பயமாக இருக்கிறது.

ஈப்போக்காரன்:

எங்கே கேட்கிறார்கள் என்பதைப் பாருங்கள். மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தாமல், தளத்தை நீங்களே திறந்து உள்ளே போங்கள். கணக்குப் பக்கத்திலேயே சரிபார்ப்புக்கு இடம் இருந்தால் அங்கே ஏற்றலாம். வாட்ஸ்அப், டெலிகிராமில் அனுப்பச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

படத்தின் மேல் குறுக்காக, 'இந்தத் தளத்தின் சரிபார்ப்புக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதுங்கள். வங்கிக்கு ஐசி நகல் கொடுக்கும்போது கோடு போட்டு எழுதுவோமே, அதே மாதிரி. பெயரும் முகமும் மறையாமல் இருந்தால் போதும். எழுத்து இருப்பதால் ஏற்கவில்லை என்றால், 20 ரிங்கிட்டுக்காகச் சுத்தமான ஐசி படத்தைக் கொடுப்பதா என்று யோசியுங்கள். நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன்.

சுங்கை சிப்புட் மகள்:

எழுத்தோடு ஏற்றினேன், ஏற்றுக்கொண்டார்கள். கணக்கு திறந்துவிட்டது, இன்று காலை 20 ரிங்கிட் பணப்பைக்கு வந்துவிட்டது. பாதியில் வெளியேற்றிய சர்வேக்களுக்கு எதுவும் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

நாத்தனாரின் படிவத்திலும் அவருடைய கணவர் பெயர்தான் இருக்கிறது. அவர் இன்னும் பணம் கேட்கவில்லை. இப்போதே மாற்றலாமா, பணம் கேட்கும்போது மாற்றலாமா?

ஈப்போக்காரன்:

இப்போதே மாற்றச் சொல்லுங்கள், அதுவும் உதவிப் பிரிவுக்கு எழுதி. பணம் கேட்கும் நேரத்தில் பெயரை மாற்றினால் அதையே சந்தேகப்படுவார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கணக்குதானா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடட்டும். இன்னொன்று, குறைந்தபட்சத் தொகை சேர்ந்ததும் எடுத்துவிடுங்கள், தீபாவளிக்கு மொத்தமாக எடுக்கலாம் என்று சேர்த்து வைக்காதீர்கள். கொஞ்ச காலம் உள்ளே போகாமல் விட்டால் புள்ளிகள் காலாவதியாகும் தளங்கள் பல.