சொல் மட்டும் வரவில்லை: உங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததுண்டா?

டெல்டாக்காரன்:

அப்பா 31 வருஷம் பஸ் கண்டக்டர். வாய் ஓயாத மனுஷன். நான்கு வருஷத்துக்கு முன், ஒரு மார்கழிக் காலையில் அவர் வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. "என்னப்பா?" என்றேன். "அதான்" என்றார். "எது?" "அதான்... அதான்." வாயின் வலது ஓரம் கீழே இழுத்திருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வாயுப் பிடிப்பு என்று சொல்லி இஞ்சிச் சாறு பிழிந்து எடுத்து வந்தார். நல்லவேளை, அப்பா வாயைத் திறக்கவில்லை. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதும் தடுமாறும், எதையும் புகட்டக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. கையை நீவிவிட்டதில் ஒரு மணி நேரம் போயிற்று. முதலில் போன இடத்தில் சிடி ஸ்கேன் இல்லை. அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி நேரம் தாண்டிவிட்டது. மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் பார்த்த பிறகு. அந்த அரை மணியை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வராது.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் காட்டினார். மூளையின் இடது பாதிக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாயில் அடைப்பு. இடது மூளைதான் வலது கைகாலை ஆட்டிவைக்கிறது, அதனால் கை விழுந்தது. அதே பக்கத்து முன்மடலின் கீழ்ப்பகுதியில் பேச்சை உருவாக்குகிற இடம் இருக்கிறது. ப்ரோக்கா பகுதி என்றார்.

பிறகு நான் தேடிப் படித்தது இது. 1861இல் பாரிஸ் பக்கத்தில் பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒரு நோயாளி. 21 வருஷம் அங்கேயே கிடந்தவர். என்ன கேட்டாலும் "டான், டான்" என்பார், கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு வரும். அவர் இறந்ததும் பால் ப்ரோக்கா என்ற டாக்டர் மூளையை எடுத்துப் பார்த்தார், இடது முன்மடலில் சிதைவு இருந்தது. அதை அவர் வெட்டிக் கூறுபோடாமல் அப்படியே பாதுகாத்து வைத்ததால் 2007இல் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க முடிந்தது. சேதம் ப்ரோக்கா சொன்னதைவிட ஆழமாகப் போயிருந்தது. அவருக்கு "டான்" என்றால் எங்கள் அப்பாவுக்கு "அதான்". படித்த அன்று கொஞ்ச நேரம் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பார்க்க வந்தவர்கள் அப்பாவிடம் கத்திக் கத்திப் பேசினார்கள். காது நன்றாகக் கேட்கும் அவருக்கு. பேசுவதும் பெரும்பாலும் புரிந்தது, நீளமான வாக்கியம்தான் சிக்கல். சித்தப்பா பேனாவைக் கொடுத்து "எழுதிக் காட்டுங்கண்ணே" என்றார். எழுத்தும் வரவில்லை. நாக்கில் கோளாறு என்றால் எழுதிக் காட்டியிருப்பார். மொழியே அல்லவா சிக்கிக்கொண்டிருக்கிறது?

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மா அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். சொன்னேன், அவர் பஸ் ஓடின தடத்தையும். அந்த அம்மா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தொடையில் மெதுவாகத் தட்டியபடியே, "தஞ்சாவூர்..." என்று இழுத்தார். அப்பா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "பசுபதிகோயில், அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி, பாபநாசம், சுந்தரப்பெருமாள் கோயில், தாராசுரம், கும்பகோணம்." கடைசியில் "எறங்கு எறங்கு" வேறு. எங்கள் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "உங்க பேர் என்ன?" என்று அந்த அம்மா கேட்டார். "அதான்" என்றார் அப்பா.

ஆயிரம் முறை சொல்லிப் பழகிய வரிசை, எண்கள், பாட்டு, சாமி சுலோகம், கெட்ட வார்த்தை இதெல்லாம் பலருக்குத் தப்பித்துவிடுமாம். புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டுகிற வழி வேறு, பழகினதை ஓட்டுகிற வழி வேறு. பாட்டுக்கு வலது பாதியும் கைகொடுக்கிறது என்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மூளையின் ஒரு பகுதி மட்டும் போய் மற்றதெல்லாம் நன்றாக இருந்திருக்கிறதா? எழுதுங்கள்.

மலைக்கோட்டை:

எங்கள் மாமாவுக்கு இதற்கு நேர் எதிர். பேச்சு கணீரென்று இருந்தது. அடைப்பு மூளையின் வலது பக்கம். ஒரு மாதம் கழித்து அவரை ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போனோம். பந்தியில் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "கூட்டு வைக்கவே இல்லையே, உப்பு எங்கே?" என்று பரிமாறுகிறவரிடம் சண்டைக்குப் போனார். நுனிப்பக்கம் எல்லாம் அப்படியே இருந்தது. அவர் மகள் பேசாமல் இலையைப் பிடித்துத் திருப்பினாள். "ம், இப்ப வைக்கிறியா?" என்று சாப்பிட ஆரம்பித்தார். எதிர் வரிசைப் பாட்டி ஒருவர் நுனி வலப்பக்கம் வரக் கூடாது என்று போட்ட சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

முதலில் கண் என்றுதான் நினைத்தோம், புதுக் கண்ணாடிகூட வாங்கினோம். கண் ஒழுங்காகத்தான் இருந்தது. வலது பக்கவாட்டு மடல்தான் சுற்றியுள்ள இடத்தைக் கவனத்தில் வைத்திருக்கிறதாம். இடது மூளை வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கும், வலது மூளை இரண்டு பக்கத்தையும் கவனிக்கும். அதனால் இடது போனால் வலது சமாளித்துவிடும். வலது போனால் இடப்பக்க உலகமே இல்லாமல் போகும். டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் போட்டு, 12 எண்களையும் வலது பாதிக்குள்ளேயே திணித்து வைத்தார். சவரமும் பாதி முகத்துக்குத்தான். இதில் கொடுமை என்னவென்றால், ஒன்று குறைகிறது என்பதே அவருக்குத் தெரியாது. உங்கள் அப்பா தவிக்கிறார். மாமா எங்களைப் பார்த்து "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

வெள்ளைச் சீருடை:

நான் ஓய்வுபெற்ற செவிலி. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் மனித மூளை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே போயிருந்தபோது கையுறை போட்டு மூளையைக் கையில் கொடுத்தார்கள். ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை. கெடாமல் காக்கிற ஃபார்மலின் திரவத்தில் ஊறியதால் பனீர் மாதிரி இறுகியிருந்தது. உயிரோடு இருக்கும்போது கெட்டித் தயிர்போலத்தான், விரல் பட்டாலே அமுங்கும். வெட்டின பக்கத்தைக் காட்டினார்கள்: மேலே சாம்பல் நிறத் தோல் 2 முதல் 4 மில்லிமீட்டர், அவ்வளவே. உள்ளே பெரும்பகுதி வெள்ளை, ஒரு இடத்தை இன்னொரு இடத்தோடு இணைக்கிற நரம்பிழைகள். வாழ்நாள் முழுக்க நோயாளிகளின் கையையும் காலையும்தான் தூக்கிப் பிடித்திருக்கிறேன். அன்றைக்கு அதைத் திருப்பித் தரும்போது என் கை நடுங்கியது.

அதைவிட ஆச்சரியம் பின்னால் ஒட்டியிருந்த சிறுமூளை. எடையில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் மூளையின் நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், சுமார் 8,600 கோடி என்றால் அதில் 6,900 கோடி அங்கேதான். வெட்டிய முட்டைக்கோஸ் மாதிரி அத்தனை மடிப்பு.

டெல்டாக்காரன், ப்ரோக்கா பகுதி எங்கே என்று தெரிய வேண்டுமானால் இடது நெற்றிப்பொட்டில் விரலை வையுங்கள். கிட்டத்தட்ட அங்கேதான், எலும்புக்கு உள்ளே.

ஒத்தக்கடை:

சிறுமூளை என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் பெரியப்பா ஜென்மத்தில் குடித்ததில்லை. சிறுமூளையில் ஸ்ட்ரோக் வந்தபின் காலை அகட்டி வைத்துத் தள்ளாடித்தான் நடப்பார், நாக்கும் குழறும். டம்ளரை எடுக்கப் போனால் கை குறி தவறி அதைத் தாண்டிப் போகும். பலம் குறையவில்லை, அளவுதான் தப்புகிறது. ஒரு தடவை பஸ்ஸில் ஏறப்போனவரை கண்டக்டர் "காலங்காத்தாலயேவா? எறங்குய்யா" என்று இறக்கிவிட்டார். அதிலிருந்து டாக்டர் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறார்.

காவிரிக்கரை:

எல்லாம் சரி, நாம் மூளையில் பத்து சதவீதம்தானே பயன்படுத்துகிறோம்? மீதியை வைத்துச் சரிசெய்ய முடியாதா?

வெள்ளைச் சீருடை:

அது கட்டுக்கதை. சும்மா கிடக்கிற இடமே கிடையாது. எடையில் உடம்பின் இரண்டு சதவீதம்தான் மூளை, ஆனால் ஓய்வில் இருக்கும்போதே உடம்பின் சக்தியில் 20 சதவீதத்தை அது சாப்பிடுகிறது. பயன்படாத மூளைக்கு யார் இவ்வளவு சோறு போடுவார்கள்? பயிற்சியால் பக்கத்துப் பகுதிகள் கொஞ்சம் வேலையை ஏற்கும், அது உண்மை. முதல் சில மாதங்களில் வேகமாக, பிறகு மெதுவாக.

டெல்டாக்காரன்:

ஒத்தக்கடை, அப்பா சர்வீஸில் அப்படி எத்தனை பேரை இறக்கிவிட்டிருப்பாரோ தெரியவில்லை. உங்கள் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "எறங்குய்யா" வந்ததும் சிரித்தார், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது எப்படி இருக்கிறார் என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தண்ணீர், சோறு, போதும், வலிக்குது, இவை வருகின்றன. எங்கள் பெயர்கள் இன்னும் வரவில்லை. என்னைப் "பாபநாசம்" என்கிறார், தங்கையை "ராஜகிரி". அம்மா பிறந்த ஊர் கும்பகோணம். அவர் "கும்மோணம்" என்று கூப்பிட்டால் அம்மா "தோ வரேன்" என்கிறாள்.