‘ஜிக்சோ’ வாசிப்புக்கு ஒரு தமிழ்ச்சொல்: பங்குரை வாசிப்பு

மதிப்புக்குரிய ஐயாவுக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

ஒரு பாடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவரும் ஒரு பகுதியை வாசித்து வந்து ஏனையோருக்கு விளக்கும் முறையே ‘ஜிக்சோ’ வாசிப்பு. அதற்குத் தாங்கள் முன்வைத்த ‘கூட்டுறவு வாசிப்பு’ என்ற சொல்லை இரண்டு நாட்கள் மனத்தில் வைத்துப் பார்த்தேன். மட்டக்களப்பில் என் வயதினருக்குக் கூட்டுறவு என்றதும் சங்கக்கடைதான் நினைவுக்கு வரும் என்பது சிறு குறை. சேர்ந்து வாசிப்பதை மட்டும் சொல்லி, வாசித்தவர் திரும்பி வந்து மற்றவருக்கு விளக்க வேண்டும் என்பதை அது சொல்லாமல் விடுவதே பெருங்குறை.

1971 இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரப் பாடசாலைகளில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் சேர்ந்து பகைமை மூண்டிருந்த வேளையில், உளவியலாளர் எலியட் அரன்சன் இம்முறையை வகுத்தார். ஒரு பிள்ளையிடம் உள்ள பகுதி அக்குழுவில் வேறு எவரிடமும் இல்லை. ஆகவே, பிடிக்காதவன் பேசினாலும் காதுகொடுத்தே ஆகவேண்டும். இந்தக் கட்டாயம்தான் முறையின் உயிர்.

சொல்லில் அது இல்லாவிட்டால் வகுப்பிலும் இல்லாமற் போகிறது என்பதை நானே கண்டேன். தரம் 10 இல் 36 மாணவருக்கு நீண்ட கட்டுரையொன்றை ஆறு பகுதிகளாக்கிக் கொடுத்து, ‘குழு வாசிப்பு’ என்று கரும்பலகையில் எழுதினேன். ஒவ்வொரு குழுவிலும் கெட்டிக்காரர் ஒருவர் எழுந்து ஒப்புவித்தார், ஏனையோர் தம் பகுதியைத் தவிர வேறெதையும் அறியாமலே 40 நிமிடப் பாடவேளை முடிந்தது.

‘பங்கீட்டு வாசிப்பு’ என்றால் உணவுப் பங்கீட்டுக் கூப்பன் அட்டை நினைவு வருகிறது. ‘ஜிக்சோ’ என்றே விட்டுவிடலாம் என்பாரும் உளர். ஆனால் 1936 இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவுக்கு அருகில் இருந்துகொண்டு அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் முன்மொழிவு ‘பங்குரை வாசிப்பு’. கரைவலை இழுத்தவர் தம் பங்கைக் கேட்டு நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பங்கு என்பதை விளக்க வேண்டியதில்லை. கோயிலில் புராணம் படிக்கையில் ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றொருவர் பயன், அதாவது பொருள், சொல்வதைக் கேட்டிருப்பவருக்கு, வாசிப்புக்குப் பின் உரை உண்டு என்பதும் புதிதல்ல. ‘பங்குரை’ என்பதைப் பேச்சாளரின் பங்களிப்பு என்று சிலர் மயங்கக்கூடும். வாசிப்பு என்ற சொல் பின்னால் நிற்கும்வரை அம்மயக்கம் நீளாது என்று நம்புகிறேன்.

துணைச்சொற்களிலும் ஒரு திருத்தம் வேண்டும். முதலில் அமர்ந்து, பின் திரும்பிவரும் குழுவைத் ‘தாய்க்குழு’ என்பது நன்று. ஒரே பகுதியைப் பெற்றவர்கள் கூடி ஆராயும் குழுவை ‘நிபுணர் குழு’ என்பதுதான் உறுத்துகிறது, ஏனெனில் பதினைந்து வயதுப் பிள்ளை பத்து நிமிடத்தில் நிபுணராவதில்லை. அதனைப் ‘பங்குக்குழு’ என்று வைத்துக்கொள்ளலாமா என்பதற்குத் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.