சின்னம்மாவுக்குப் பத்து நாள் கரண்ட்

குழு: கல்லாற்றுச் சொந்தங்கள்

வெள்ளிக்கிழமை

தங்கச்சி, மாலை 5.12
ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டது. அம்மாவுக்கு மூளையில் பதினைந்துக்கு மேல் புள்ளிகளாம். மார்பில் வந்த அதே புற்றுநோய்தான், புதுசு இல்லை. அடுத்த கிழமை தலைக்குக் கரண்ட், அதாவது கதிர்ச் சிகிச்சை, பிடிக்கத் தொடங்குவார்கள், பத்துத் தரம். சனி ஞாயிறு இல்லை. மட்டக்களப்புக்குத் தினமும் பஸ்ஸில் போக அம்மாவுக்கு ஏலாது.

பெரியம்மா, 5.15
மாமாங்கேஸ்வரா! தலையிடி, சத்தி என்று சொன்னபோது வெயில் என்று விட்டுவிட்டோமே.

கனடா மாமா, 5.21
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

தங்கச்சி, 5.23
நீக்கியது சரி மாமா. எல்லோரும் பார்த்துவிட்டோம். அம்மாவுக்கு 6 மாதம்தான் என்று எங்கே போட்டிருக்கிறது?

கனடா மாமா, 5.24
நெட்டில் மகள். பதறிப்போய்ப் போட்டுவிட்டேன்.

நேர்ஸ் மச்சாள், 6.40
டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். சித்தப்பா, அந்த 6 பொய் இல்லை. ஆனால் அது மாமியின் கணக்கும் இல்லை. 2020இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், மார்புப் புற்றுநோய் மூளைக்குப் பரவியவர்களை நாலு வகுப்பாகப் பிரித்தார்கள். ஆகக் கீழ் வகுப்பில் பாதிப்பேர் 6 மாதம் தாண்டினார்கள், ஆக மேல் வகுப்பில் 36. எல்லோரையும் சேர்த்தால் 16. அதுவும் நடு எண்தான். மற்றப் பாதிப்பேர் அதற்கு மேலும் இருந்திருக்கிறார்கள். வயது, நடமாட்டம், எத்தனை புள்ளி, உடம்பில் வேறெங்கும் இருக்கிறதா, முக்கியமாக நோயின் ரகம், இதையெல்லாம் பார்த்துத்தான் வகுப்பு. மாமிக்கு ஹெர்டூ பாசிட்டிவ், அதாவது ஹெர்டூ என்ற புரதம் கூடின ரகம், தானாக நடக்கிறா. அது நல்லது. புள்ளி கூட, அது நல்லதில்லை. மறைக்க மாட்டேன்.

பெரியம்மா, 6.44
மூன்று கிழமைக்கு ஒருக்கா ஊசி போட்டுக்கொண்டுதானே இருந்தா?

நேர்ஸ் மச்சாள், 6.47
ஊசி வேலை செய்கிறது பெரிய மாமி, ஈரலும் நுரையீரலும் சுத்தம். மூளையைச் சுற்றி ஒரு வேலி இருக்கிறது, அந்த மருந்து அதைத் தாண்டுவது மிகக் குறைவு. கரண்டுக்கு வேலி இல்லை.

நான், 6.50
புள்ளியை மட்டும் குறிவைத்து அடிக்கிற முறை இருக்கிறதே மச்சாள்?

நேர்ஸ் மச்சாள், 6.53
ரெண்டு மூன்று புள்ளி என்றால் அதுதான் முதல் தெரிவு, ஞாபகசக்தியை அவ்வளவு தொடாது. இத்தனை என்றபடியால் முழுத் தலைக்கும். கதிரின் அளவு மொத்தம் 30 கிரே, பத்தாகப் பிரித்து. அப்புறம் தங்கச்சி, அந்த டெக்சமெதசோன் குளிசை மூளை வீக்கத்துக்கு. காலையும் மத்தியானமும் சாப்பிட்ட பிறகு கொடு. இரவில் கொடுத்தால் விடிய விடிய முழித்திருப்பா. இரத்தத்தில் சீனி ஏறும், பார்த்துக்கொள். தலையிடி நின்றுவிட்டது என்று திடீரென்று நிறுத்தவும் கூடாது.

புதன்கிழமை

சின்னம்மா, பகல் 11.30
எல்லாம் வாசித்தேன். அண்ணா, நீ நீக்கினதையும் நீக்க முதல் வாசித்துவிட்டேன்.
திங்கள் முகமூடி செய்தார்கள். சுடுதண்ணியில் போட்டு எடுத்த பிளாஸ்டிக் வலை, இளஞ்சூடாக முகத்தில் படிந்து கொஞ்ச நேரத்தில் இறுகிவிட்டது. அதை மேசையோடு பூட்டுகிறார்கள், தலை அசையாது. இன்றைக்கு முதல் கரண்ட். நோவு இல்லை, மெஷின் சத்தம் மட்டும். வெளியே வந்து கண்ணாடி பார்த்தால் கன்னமெல்லாம் வலைக்கண். வலையில் பட்ட திரளி மீன் மாதிரி இருக்கிறேன்.

பெரியம்மா, 11.34
பேரனைக் கிட்ட விடலாமா? அந்தக் கதிர் பிள்ளைக்கு ஒட்டாதா?

நேர்ஸ் மச்சாள், 11.41
ஒட்டாது. மெஷின் நின்றால் கதிரும் நின்றுவிடும். மடியிலேயே வைத்திருக்கலாம். ரெண்டு மூன்று கிழமையில் முடி கொட்டும், களைப்பு அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் இழுக்கும்.

சின்னம்மா, 11.45
கொட்ட முதல் நானே மொட்டை அடிக்கிறேன். இப்போதைக்குப் பசிதான் பெரிய பிரச்சினை. பெரியக்கா, பாற்சோறு வை, கருப்பட்டியும் வேணும்.

நேர்ஸ் மச்சாள், 11.46
மாமி, சீனி 240.

சின்னம்மா, 11.48
அப்ப கணவாய்க் கறி?

நேர்ஸ் மச்சாள், 11.48
அது சரி.