நாட்டுக்கோழி முட்டை ஓடு மெலிசாக வருது, கிளிஞ்சல் எப்படிக் கொடுக்கிறது?

வீட்டில் கோழி வளர்க்கிறவங்க கொஞ்சம் உதவுங்க. ஆறு நாட்டுக்கோழி, மேய்ச்சலோட குருணையும் கம்பும் தீவனம். முட்டை 40 கிராம் சுமார், கடை வெள்ளை முட்டை 50–55 வரும். மஞ்சள்கரு நல்ல ஆரஞ்சு நிறம்தான். ஆனா அது பச்சைப் புல்லு, கீரையோட நிறமி. அதை வெச்சு சத்து அதிகம்னு சொல்ல முடியாது. இட்ட அன்னைக்கே அவிச்சா ஓடு சரியா உரியாது, ஒரு வாரம் வெச்சு அவிச்சா உரியும்.

கவலை ஓட்டைப் பத்தித்தான். கையில எடுக்கும்போதே விரிசல் விடுது. பண்ணை முட்டைக்கோழித் தீவனத்துல ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் 3.5–4 சதவீதம் இருக்கும். குருணையிலும் கம்பிலும் அது மிகக் குறைவு. வெயிலும் ஒரு காரணம்: கோழி வாயைப் பிளந்து இரைக்கும்போது கரியமில வாயு வெளியேறி, ஓட்டுக்கான கார்பனேட் குறைஞ்சுடும்.

கால்சியத்துக்காகக் கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்துல வெச்சா முட்டை இடுற கோழி தேவைக்குத் தின்னுக்குமா? தீவனத்துல கலக்கத் தயக்கமா இருக்கு. குஞ்சுகளும் கூடவே மேயுது, கூடுதல் கால்சியம் அதுங்க சிறுநீரகத்தைக் கெடுக்கும். தூளா, மிளகு அளவு துண்டா, எது நல்லது? செஞ்சு பார்த்தவங்க அளவோட சொல்லுங்க.