புதுப்பிப்பு: ஈன்ற பிறகு தாய்ப்பன்றிக்கு எவ்வளவு தீவனம்?

முந்தைய பதிவில் சினைக்கால அளவை மட்டும் சொல்லியிருந்தேன்: வெள்ளை யார்க்‌ஷயர் இனத் தாய்ப்பன்றிக்கு நாளுக்கு 2 முதல் 2.5 கிலோ அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு கலந்த தீவனம்), கடைசி மூன்று வாரம் 3 கிலோ வரை. ஈன்ற பிறகும் அதையே தொடரலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது.

சினை சுமார் 114 நாள். 110ஆம் நாளிலிருந்து தீவனத்தைச் சற்றுக் குறைத்து, ஒரு பங்கைக் கோதுமைத் தவிடாக மாற்றுங்கள். மலம் இறுகினால் ஈனுவது இழுபடும், மடிநோயும் வரலாம். ஈன்ற அன்று தண்ணீரும் ஒரு கிலோ தீவனமும் போதும். பிறகு தினமும் கூட்டி ஒரு வாரத்தில் முழு அளவு: தாயின் சொந்தத் தேவைக்கு 2 கிலோ, பால் குடிக்கும் ஒவ்வொரு குட்டிக்காகவும் தாய்க்கே இன்னும் அரைக் கிலோ வீதம். பத்துக் குட்டி என்றால் 7 கிலோ, மூன்று வேளையாக. கோடையில் விடிகாலையிலும் இரவிலும் அதிகம் வையுங்கள். புரதம் 16 முதல் 18 சதவீதம் வேண்டும்.

தாய் தீவனத்தைத் தின்னாமல் மிச்சம் வைத்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். பன்றி வாய் வைத்துக் குடிக்கும் நிப்பிள் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் வர வேண்டும். வாளி பிடித்து அளந்துவிடுங்கள். பால் கொடுக்கும் பன்றி நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கும்.

அடர்தீவனத்துக்குப் பதிலாக ஓட்டல் மிச்சத்தை மட்டும் போட்டால் போதாது, அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். 7 கிலோ அடர்தீவனத்துக்கு ஈடாக 25 கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும், வயிறு கொள்ளாது. கொடுப்பதையும் நன்றாகக் கொதிக்க வைத்தே கொடுங்கள், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அதன் வழியாகவும் பரவும்.

பற்றாக்குறையானால் தாய் தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கும். குட்டி பிரித்து 4 முதல் 7 நாளில் வரவேண்டிய சினைப்பருவம் தள்ளிப்போகும். முதல் முறை ஈன்ற பன்றிகளில் இது அதிகம். அவற்றிடம் குட்டி கூடுதலாக இருந்தால், சீம்பால் குடித்த பிறகு, இரண்டு நாளுக்குள் வேறு தாயிடம் மாற்றுங்கள்.