மல்டிமீட்டரில் 4 வோல்ட் அசையவில்லை, போர்டு மட்டும் அணைந்தது

கைபேசியில் அழைத்தால் கிணற்று மோட்டார் ஓடும்படி ஒரு போர்டை நானே வடிவமைத்தேன். 12 வோல்ட்டை 4 ஆக இறக்கும் ரெகுலேட்டர், சிம் கார்டு போட்டு அழைப்பை வாங்கும் சிம்800 மாட்யூல், ரிலே, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர், அவ்வளவுதான். கோவையில் என் மேசைமேல் ஒரு வாரம் ஓய்வில்லாமல் ஓடியது. பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாளே தோட்டத்துக்காரர் கூப்பிட்டுவிட்டார். "ஒரு மணி அடிக்கிறது, அப்படியே அணைந்துவிடுகிறது கண்ணு."

முதல் சந்தேகம் கான்டாக்டர் மேல். அதன் காயில் (கம்பிச்சுருள்) அணையும்போது விடும் மின் உதையில் சப்ளை சரிகிறது என்று நினைத்து, காயிலின் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போட்டேன். பலனில்லை. கான்டாக்டர் வயரையே கழற்றிய பிறகும் அணைந்தது. மாட்யூலை இரண்டு முறை மாற்றினேன், காசுதான் போயிற்று. மல்டிமீட்டரோ 4.0 என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது.

நண்பரிடம் ஆசிலாஸ்கோப் (வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) இரவல் வாங்கி மோட்டார் அறைக்கே தூக்கிப் போனேன். மாட்யூலின் கால்களிலேயே புரோபை வைத்து அழைத்தால், திரையில் சீப்பைக் கவிழ்த்து வைத்தது போல வரிசையாகப் பள்ளங்கள். 4.6 மில்லிசெகண்டுக்கு ஒன்று, அகலம் 577 மைக்ரோசெகண்டு, அடி 3.3 வோல்ட். மாட்யூலுக்குக் குறைந்தது 3.4 வேண்டும். இவ்வளவு குறுகிய பள்ளம் மல்டிமீட்டருக்கு எங்கே தெரியும்? அது சராசரியைக் காட்டும் கருவி.

மேசையில் ஏன் வரவில்லை? என் வீட்டருகே டவர் இருப்பதால் மாட்யூல் மெதுவாகப் பேசினால் போதும். தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடு. மாட்யூல் டவரோடு விட்டுவிட்டுத்தான் பேசும்; முழு பலத்தில் கத்தும்போது ஒவ்வொரு துடிப்பிலும் 2 ஆம்பியர் வரை இழுக்கிறது. அதுதான் அந்தப் பள்ளங்கள்.

ரெகுலேட்டர் முனையில் அளந்தால் அதே நேரத்தில் 3.9 இருந்தது. மீதியைத் தின்றது என் டிராக், அதாவது போர்டில் மின்சாரம் ஓடும் செம்புத் தடம். 70 மி.மீ. நீளம், மென்பொருள் தானாகக் கொடுத்த 0.25 மி.மீ. அகலம், கிரவுண்டும் அதே அகலத்தில்தான் திரும்புகிறது. போக வர ஏறக்குறைய 0.28 ஓம், 2 ஆம்பியரில் அரை வோல்ட்டுக்கு மேல். திடீர்த் தேவைக்குக் கரண்டைச் சேமித்துக் கொடுக்கும் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் ரெகுலேட்டர் பக்கத்திலேயே வைத்திருந்தேன். பந்தி திண்ணையில் நடக்க, தண்ணீர்க் குடத்தைக் கொல்லையில் வைத்த கதை.

போர்டின் பின்புறம் இரண்டு தடத்துக்கும் தடித்த செம்புக் கம்பியைச் சால்டர் செய்தேன். கெபாசிட்டரை மாட்யூலின் காலடிக்குக் கொண்டுவந்தேன். இப்போது பள்ளம் 3.8க்குக் கீழே இறங்குவதில்லை.

*

மேலே இவர் எழுதியதைப் படித்துவிட்டுக் கெபாசிட்டரை அளவில்லாமல் பெரிதாக்கப் போகிறவர்களுக்கு என் கதை. 5 வோல்ட் ரெகுலேட்டரின் வெளிமுனையில் 4700 மைக்ரோஃபாரட் போட்டேன். சுவிட்சைப் போட்டதும் டிக், டிக் என்று சத்தம். வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், விழும். காலிக் கெபாசிட்டர் இழுக்கும் கரண்டை ஷார்ட் என்று எண்ணி ரெகுலேட்டர் தன்னை அணைத்துக்கொள்கிறது, சற்று பொறுத்து மறுபடி முயல்கிறது. அந்த இடைவெளியில் ஏறியதையெல்லாம் லோடு குடித்துவிடுகிறது. நான் ஷார்ட்டைத் தேடி இரண்டு நாள் பாகங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். 1000 ஆகக் குறைத்ததும் முதல் முயற்சியிலேயே எழுந்தது.

*

முதலில் எழுதியவரே, அணையும் முன் அந்த மாட்யூல் சீரியல் வழியில் (தகவல் அனுப்பும் கம்பியில்) 'அண்டர் வோல்டேஜ் பவர் டவுன்', அதாவது வோல்டேஜ் குறைந்ததால் அணைகிறேன் என்று ஒரு வரி அனுப்புமே, பார்க்கவில்லையா?

*

அனுப்பியிருக்கிறது ஐயா. அந்த வரியைப் படிக்கும் நிரலை நான் எழுதவே இல்லை. கழற்றிப் போட்ட மாட்யூல்களை நேற்று மாட்டிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன.