பார்க்கின்சன் நோயுள்ள அப்பா, நலமாக உள்ள அம்மா: கோவையா, திருச்சியா, சென்னையா?

மன்னார்குடி மகள்:

வணக்கம். என் பெற்றோர் மன்னார்குடியில் சொந்த வீட்டில் வசிக்கிறார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான அப்பாவுக்கு 81 வயது ஆகிறது. சில ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். துணையில்லாமல் குளிக்கவோ, இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகவோ அவரால் இப்போது முடிவதில்லை. அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. காலையில் ராஜகோபால சுவாமி கோயிலுக்கு நடந்து போய், திரும்பும் வழியில் காய்கறி வாங்கி வந்துவிடுவார். பகலில் உதவிக்கு ஒருவர் வருகிறார். இரவுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை. அப்பா தடுமாறி விழுந்தால் தூக்கி உட்கார வைக்க அம்மாவுக்குத் தெம்பு கிடையாது.

நான் பெங்களூரில் இருக்கிறேன்; அண்ணன் வெளிநாட்டில். மொழி தெரியாத ஊரில் அடுக்குமாடி வீட்டுக்குள் அடைந்து கிடக்க மாட்டோம் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். எங்கள் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். கோவைக்கு வெளியே தோட்டத்துடன் கூடிய மூத்தோர் குடியிருப்பில் குத்தகைக்கு ஒரு வீடு. பொதுச் சமையல்கூடமும் சிறு மருத்துவ மையமும் அங்கே உண்டு. ஸ்ரீரங்கத்துக்கு அருகில், 24 மணி நேரமும் செவிலியர் இருக்கும் பராமரிப்பு இல்லம். அறைகள் சிறியவை, வெளியில் உலவ இடம் குறைவு. சென்னையில் தாம்பரம் பக்கம், சித்தி வீட்டுக்கு அருகில் உதவியோடு வாழும் வகை இல்லம். மாதச் செலவில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எதை அளவுகோலாக வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வடவள்ளிவாசி:

நானும் என் மனைவியும் கோவைப் பக்கம் இத்தகைய குடியிருப்பு ஒன்றில்தான் வசிக்கிறோம் என்பதால், நல்லதையும் குறையையும் சேர்த்தே எழுதுகிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றினால் திருச்சியின் கோடை வெப்பம் இங்கே இருப்பதில்லை. உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை இது வெறும் வசதி அன்று. பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது உண்டு. வெயிலில் உடலில் நீர் வற்றினால் அது இன்னும் கூடும். மன்னார்குடியிலிருந்து கோவைக்குச் செம்மொழி எக்ஸ்பிரஸ் இரவில் ஓடுகிறது என்பதால் உறவினர் வந்துபோவதும் எளிது. பெங்களூரிலிருந்து உங்களுக்கு வந்தே பாரத் இருக்கிறது. சமையல் வேலை இல்லாததாலும், சம வயதினர் சூழ இருப்பதாலும் உங்கள் அம்மா போன்றவர்கள் இங்கே வந்த சில மாதங்களில் முகம் தெளிந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இக்குடியிருப்புகள், தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளக்கூடியவர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. பெரிய மருத்துவமனைகள் பல அவிநாசி சாலைப் பக்கம் இருக்க, குடியிருப்புகள் பலவும் தொண்டாமுத்தூர், பேரூர், துடியலூர் என்று நகரின் மறுபுறத்தில் இருக்கின்றன. மாலை நெரிசலில் ஆம்புலன்ஸ் நகரைக் கடந்தாக வேண்டும். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "என் தந்தை படுத்த படுக்கையானால் என்ன செய்வீர்கள்?" சில இடங்களில் வளாகத்துக்குள்ளேயே தனிப் பராமரிப்புப் பிரிவு இருக்கிறது, மனைவி பழைய வீட்டிலேயே இருந்துகொண்டு நாள்தோறும் போய்ப் பார்த்து வரலாம். வேறு சில இடங்களில், தனியாள் வைத்துக்கொள்ளுங்கள் அல்லது வேறிடம் பாருங்கள் என்று சொல்லிவிடுவார்கள். தோட்டத்தையும் நூலகத்தையும் சுற்றிக் காட்டும் போது இந்தப் பேச்சு தானாக எழுவதில்லை.

ஓய்வுபெற்ற செவிலி:

சகோதரி, அப்பாவின் நோய் எது என்பதை வைத்தே இல்லத்தை எடைபோட வேண்டும். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை குறித்த நேரத்தில் போனால்தான் அவருக்கு உடல் நகரும். அரை மணி, ஒரு மணி நேரம் தள்ளினாலே உடம்பு இறுகிவிடுவதைப் பலரிடம் காணலாம். புரத உணவோடு சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாது என்பதால், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுக்கச் சொல்வார்கள். இல்லங்களிலோ, மருந்து வண்டி காலை, மதியம், இரவு என்று மூன்று முறை மட்டும், அதுவும் சாப்பாட்டுத் தட்டோடு சேர்ந்தே வருவது வழக்கம். எனவே காலை ஏழரை மணிக்கு இட்லி வருமென்றால், ஏழு மணிக்கு அவருடைய மாத்திரையை யார் கொண்டுவருவார், எந்த ஏட்டில் கையெழுத்திடுவார் என்று கேளுங்கள். ஏட்டைக் காட்டச் சொல்லிப் புரட்டியும் பாருங்கள். எல்லா நேரமும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் நிரப்பியதுபோல் இருந்தால் அந்த இல்லத்தை நான் நம்ப மாட்டேன்.

வாந்தி என்றவுடன் மெட்டோகுளோபிரமைடு ஊசியும், இரவில் பிதற்றினால் ஹாலோபெரிடாலும் கொடுத்துவிடுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. இவ்விரண்டும் பார்க்கின்சன் நோயை மோசமாக்கும் மருந்துகள். பணியில் இருக்கும் செவிலிக்கு இது தெரியுமா என்று கேட்பதில் தவறே இல்லை. எப்படியானாலும் அப்பாவின் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை போய்ப் பாருங்கள். எத்தனை பேருக்கு ஓர் உதவியாளர், அழைப்பு மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறது, படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறும் நிலை இந்நோயில் வரும் என்பதால், நிமிர்த்தி உட்கார வைத்து, அவசரப்படுத்தாமல் ஊட்டுகிறார்களா என்று உணவு வேளையில் கவனியுங்கள். இந்தக் கணக்கில், நீங்கள் சொன்ன மூன்றில் ஸ்ரீரங்கத்து இல்லமே அப்பாவுக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

மன்னார்குடி மகள்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மருந்து நேரத்தைப் பற்றி எந்த இல்லத்திலும் நாங்கள் கேட்கவே இல்லை. அம்மாவை நினைத்தால்தான் ஸ்ரீரங்கம் தயக்கமாக இருக்கிறது; நோயாளிகளுக்கு நடுவே அவர் எப்படி நாளைக் கழிப்பார்? இன்னொன்று, கிண்டியில் முதியோருக்கென்று அரசு மருத்துவமனை திறந்திருக்கிறார்களே, அதை முன்னிட்டுச் சென்னையைத் தேர்ந்தெடுக்கலாமா?

தாம்பரத்தான்:

கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 200 படுக்கைகள் கொண்டது. அது சிகிச்சைக்கான இடம். தங்கி வாழும் இல்லம் அன்று. முதியோர் மருத்துவத்தில் சென்னைக்கு நெடிய மரபு உண்டு என்பது உண்மைதான். ஆனால் பார்க்கின்சனுக்கு நரம்பியல் மருத்துவரை இடைவெளி விட்டுப் பார்த்தால் போதுமானது. அத்தகைய மருத்துவர்கள் கோவையிலும் திருச்சியிலும் இருக்கிறார்கள். சித்தியால் வாரம் ஒருமுறையாவது நேரில் போய்வர முடியுமென்றால் மட்டுமே சென்னைக்கு ஒரு வலுவான காரணம் உண்டு. அடிக்கடி ஆள் வந்து கேட்கும் முதியவரை எந்த இல்லமும் சற்றுக் கூடுதல் கவனத்தோடுதான் பார்த்துக்கொள்ளும்.

70 வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி 5 லட்சம் ரூபாய் வரை வழங்கும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. இல்லத்தின் மாதக் கட்டணத்துக்கு அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

ஸ்ரீரங்கத்து வாசகர்:

அம்மாவைப் பற்றிய உங்கள் தயக்கம் சரியானது. இங்கே பல குடும்பங்கள் செய்வதைச் சொல்கிறேன். அப்பாவை இல்லத்தில் சேர்த்துவிட்டு, அம்மாவுக்கு நடந்துபோகும் தொலைவில், உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ தரைத்தள வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். காலையில் அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரத்தில் அம்மா அங்கே இருக்கலாம். மாலையில் கோயில், பிரவசனம், காய்கறிக் கடை என்று அவருடைய நாள் மன்னார்குடியில் நடந்ததுபோலவே நடக்கும். அவருக்கு இரவுத் தூக்கமும் கிடைக்கும். இத்தனை நாள் அதை இழந்துதானே அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோடை கடுமைதான், அப்பாவின் அறைக்கு ஏசி இருக்கிறதா, மின்தடையின்போது ஜெனரேட்டரில் அது ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூரிலிருந்து மயிலாடுதுறைப் பக்கம் போகும் ரயில் திருச்சியில் நிற்கும்.

எங்கே சேர்த்தாலும் முதலில் ஒரு மாதம் தற்காலிகமாகத் தங்க வையுங்கள். முன்பணத்தில் எவ்வளவு திரும்பி வரும், எத்தனை நாளில் வரும், மருத்துவமனையில் இருக்கும் நாள்களுக்கும் உணவுக் கட்டணம் உண்டா, டயப்பர், கையுறை, தனி உதவியாளர் ஆகியவை மாதக் கட்டணத்துக்குள் அடங்குமா என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்குங்கள். கோவை வீட்டைக் குத்தகைக்கு எடுக்காமல் விலைக்கே வாங்குவதானால், பின்னாளில் அதை 55 அல்லது 60 வயது கடந்தவருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மன்னார்குடி வீட்டை ஓராண்டாவது விற்காமல் வைத்திருங்கள். அதைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதும் பேச்சு வந்தால், பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பை அந்தப் பத்திரத்திலேயே நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அவர்களுக்குத் துணைநிற்கும். எல்லாவற்றுக்கும் முன்பு, அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். அவர் எதிரில் கேட்டால் "அவர் எங்கேயோ அங்கேதான் நான்" என்பதைத் தவிர வேறு பதில் வராது.